கல்லீரல் திசுவில் புரத மாறுபாடுகளைக் கண்டறிதல்: ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின்

மனிதக் கல்லீரல் திசுவில் புரத மாறுபாடுகளைக் கண்டறிதல் என்பது, கல்லீரல் செல்களில் உள்ள ஒரு புரதம் வழக்கமான அமினோ அமில வரிசையைக் கொண்டிருக்கிறதா, அல்லது மரபணு மாற்றத்தால் ஓரிடத்திலேனும் வேறுபட்டிருக்கிறதா என்று ஆய்ந்து அறிவதாகும். இரத்தத்தில் சுற்றும் புரதங்களில் பெரும்பாலானவை கல்லீரலில்தான் உருவாகின்றன. ஆகவே ஒரு புரதத்தின் மாறுபட்ட வடிவம் முதலில் தோன்றும் இடமும், சில வேளைகளில் தேங்கி நிற்கும் இடமும் கல்லீரலே. இத்துறையில் மிக நன்றாக ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்னும் புரதம். காகித மின்னாற் பிரித்தல் தொடங்கி நிறை நிறமாலைமானி வரை ஏறக்குறைய எல்லா முறைகளும் இந்த ஒரு புரதத்தின்மீது பயன்படுத்தப்பட்டுள்ளன. எனவே இக்கட்டுரை அதையே பின்தொடர்கிறது.

புரதமும் அதன் வேலையும்

ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் 394 அமினோ அமிலங்களால் ஆனது. மூன்று இடங்களில் சர்க்கரைச் சங்கிலிகள் இணைந்திருக்கும். மொத்த நிறை ஏறத்தாழ 52,000 டால்டன். இதற்குரிய மரபணு 14-ஆம் குரோமோசோமில் உள்ளது. அதன் பெயர் செர்ப்பினா1. நலமுள்ள ஒருவரின் கல்லீரல் நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 கிராம் அளவுக்கு இப்புரதத்தைச் செய்து இரத்தத்தில் விடுகிறது.

பெயரைப் பார்த்து இது ட்ரிப்சினைத் தடுப்பதற்காகவே உள்ளது என்று எண்ணிவிடக் கூடாது. அது முதலில் ஆய்வுக்கூடத்தில் தெரியவந்த பண்பு மட்டுமே. உடலில் இதன் முதன்மையான இலக்கு வெள்ளணுக்கள் வெளிவிடும் நியூட்ரோஃபில் எலாஸ்டேஸ் என்னும் நொதி. கிருமிகளை அழிக்க வந்த இந்நொதி அளவு மீறினால் நுரையீரலின் மீள்தன்மை தரும் இழைகளையும் சேர்த்து அரித்துவிடும். ஆன்டிட்ரிப்சின் ஓர் எலிப்பொறிபோல் இயங்கி அதைப் பிடிக்கிறது. 358-ஆம் இடத்திலுள்ள மெத்தியோனின் பொறியில் வைத்த இரை போன்றது. நொதி அதைக் கடித்தவுடன் புரதத்தின் வளையம் மடங்கி உள்ளே செருகிக்கொள்ள, நொதி நசுங்கிச் செயலிழக்கிறது. ஒருமுறை பாய்ந்த பொறியை மறுபடி பயன்படுத்த முடியாது. கல்லீரல் புதிது புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். புகைபிடித்தல் அதே மெத்தியோனினை ஆக்சிஜனேற்றம் செய்து பொறியைப் பழுதாக்குகிறது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்வது நல்லது.

காணாமற்போன பட்டை

சுவீடன் நாட்டின் மால்மோ நகர மருத்துவமனையில் கார்ல்-பெர்டில் லாரெல் என்னும் மருத்துவ வேதியியலாளர் நோயாளிகளின் இரத்தப் புரதங்களைக் காகிதத்தில் மின்னாற் பிரித்தல் முறையில் பரிசோதித்து வந்தார். மின்புலத்தில் புரதங்கள் அவற்றின் மின்னூட்டத்திற்கேற்ப வெவ்வேறு தொலைவு நகர்ந்து பட்டைகளாகப் பிரியும். ஏறத்தாழ 1,500 காகிதங்களில் ஐந்தில் மட்டும் ஆல்ஃபா-1 என்ற பட்டை இல்லாததை அவர் கவனித்தார். அவரும் ஸ்டென் எரிக்சன் என்ற இளம் மருத்துவரும் அந்த ஐவரைத் தேடிப் பார்த்தபோது, மூவருக்கு நுரையீரல் நோய் இருந்தது. 1963-இல் இக்கண்டுபிடிப்பு வெளியானது. ஓரிடத்தில் இருக்க வேண்டிய ஒன்று இல்லை என்பதைக் கண்ணில் படவைத்த கவனமே இதன் தொடக்கம். பட்டை இல்லாத காகிதத்தைப் பழுதான சோதனை என்று ஒதுக்கியிருந்தால், இந்நோய் இன்னும் பல ஆண்டுகள் பெயரில்லாமலே இருந்திருக்கும்.

அப்போது கல்லீரலைப் பற்றி எவரும் எண்ணவில்லை. 1969-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஹார்வி ஷார்ப் என்னும் குழந்தைநல மருத்துவரும் அவருடைய குழுவினரும், கல்லீரல் இழைநார் நோய் கண்ட பத்துக் குழந்தைகளின் இரத்தத்தில் இதே புரதம் மிகக் குறைவாக இருப்பதை எழுதினர். அக்குழந்தைகளின் கல்லீரல் செல்களுக்குள் உருண்டையான துகள்கள் தேங்கிக் கிடந்தன. இரத்தத்தில் குறைந்த புரதம் கல்லீரலில் சிக்கியிருக்கிறது என்பது அதிலிருந்துதான் புலனாயிற்று.

எம், எஸ், இசட்

நார்வே நாட்டின் மாக்னே ஃபாகெர்ஹோல் உள்ளிட்டோர் இப்புரதத்தின் வகைகளுக்கு ஆங்கில எழுத்துகளால் பெயரிடும் முறையை 1960-களில் வகுத்தனர். நடுத்தர வேகத்தில் நகர்வது எம், மெதுவாக நகர்வது எஸ், எல்லாவற்றிலும் பின்தங்குவது இசட். ஒவ்வொருவரும் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகளைப் பெறுவதால், எம்எம், எம்இசட், இசட்இசட் என்று இரட்டை எழுத்துகளால் குறிப்பர். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மாறுபாடுகள் அறியப்பட்டுள்ளன. எழுத்துகள் போதாமல், பின்வந்தவற்றுக்கு ஊர்ப்பெயர்களும் சேர்க்கப்பட்டன.

இசட் வகையில் 342-ஆம் இடத்தில் இருக்க வேண்டிய குளுட்டாமிக் அமிலத்திற்குப் பதில் லைசின் உள்ளது. எஸ் வகையில் 264-ஆம் இடத்துக் குளுட்டாமிக் அமிலம் வேலினாக மாறியுள்ளது. பள்ளிப் பாடத்தில் அரிவாள் செல் சோகைக்குச் சொல்லப்படும் மாற்றமும் குளுட்டாமிக் அமிலம் வேலினாவதுதான்; அது வேறு புரதத்தில், வேறு இடத்தில். சில நூல்களில் 342 என்பதற்குப் பதில் 366 என்று இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். செல்லிலிருந்து வெளியேறுமுன் வெட்டி நீக்கப்படும் 24 அமினோ அமில முன்பகுதியையும் சேர்த்து எண்ணினால் 366 வரும்.

இங்கே ஓர் எளிய கணக்கு முழு விஷயத்தையும் விளக்கிவிடும். குளுட்டாமிக் அமிலம் ஓர் எதிர் மின்னூட்டம் கொண்டது. லைசின் ஒரு நேர் மின்னூட்டம் கொண்டது. ஆகவே எம் வகைக்கும் இசட் வகைக்கும் மின்னூட்ட வேறுபாடு இரண்டு. வேலினுக்கு மின்னூட்டம் இல்லை. ஆகவே எஸ் வகையின் வேறுபாடு ஒன்று. நேர்மின்வாயை நோக்கிய ஓட்டத்தில் எஸ் பின்தங்குவதும், இசட் அதற்கும் பின்னால் நிற்பதும் இதனால்தான். ஆனால் நிறையில் பார்த்தால், எம் புரதத்திற்கும் இசட் புரதத்திற்கும் வேறுபாடு ஒரு டால்டனுக்கும் குறைவு. 52,000-இல் ஒன்று! தராசில் வைத்தால் இரண்டும் ஒன்றே. மின்புலத்தில் விட்டால் இரண்டும் வேறு.

இந்த மின்னூட்ட வேறுபாட்டையே இன்னும் கூர்மையாகப் பயன்படுத்துவது சம மின்புள்ளிக் குவிப்பு முறை. ஒரு கூழ்மத் தகட்டில் பி.எச். மதிப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சிறிது சிறிதாக மாறும்படி அமைத்திருப்பர். புரதம் தன் நிகர மின்னூட்டம் பூச்சியமாகும் இடத்தை அடைந்ததும் நின்றுவிடும். ஆன்டிட்ரிப்சின் வகைகள் பி.எச். 4-க்கும் 5-க்கும் இடையில் தனித்தனிக் கோடுகளாக நிற்கும். நெடுங்காலம் இதுவே வகை அறிவதற்கான முதன்மை முறையாக இருந்தது. கோடுகளைப் படிக்கப் பழகிய கண் வேண்டும் என்பது இதன் குறை.

கல்லீரலுக்குள் நடப்பது

இசட் புரதம் செல்லின் அகப்பிளாச வலையில் உருவாகும்போதே சரியாக மடிவதில்லை. அதன் ஒரு தகடு சற்றுத் திறந்து நிற்கிறது. அவ்விடத்தில் அடுத்த மூலக்கூறு வந்து கோத்துக்கொள்ள, அதனுடன் இன்னொன்று கோக்க, பூமாலைபோல் நீண்ட சங்கிலிகள் உருவாகின்றன. டேவிட் லோமாஸ், ராபின் காரெல் முதலியோர் 1992-இல் இதை விளக்கினர். எந்தப் பகுதி எதனுடன் கோக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. சங்கிலி உருவாகிறது என்பதில் வேறுபாடு இல்லை. உருவான இசட் புரதத்தில் பெரும்பகுதியைச் செல்லே சிதைத்துவிடுகிறது. ஒரு பகுதி தேங்குகிறது. சுமார் 15 விழுக்காடு மட்டும் இரத்தத்தை அடைகிறது.

ஆக, ஒரே மாறுபாடு இரண்டு உறுப்புகளை இரண்டு வேறு வழிகளில் தாக்குகிறது. நுரையீரல் கெடுவது புரதம் இல்லாமையால். கல்லீரல் கெடுவது புரதம் மிகுதியாகத் தேங்குவதால். மருத்துவ நூல்களில் இப்படி இரு திசையிலும் வெட்டும் மாறுபாடுகள் குறைவே. அறவே புரதம் உருவாகாத வெற்று வகைகளும் உண்டு. அவற்றைப் பெற்றவர்களுக்கு நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்படும். கல்லீரலில் தேங்க எதுவும் இல்லாததால் அது தப்பிவிடும். கல்லீரல் திசுவை நேரடியாகப் பார்க்க வேண்டிய தேவை இங்கேதான் எழுகிறது. இரத்தத்தில் அளவு குறைவு என்ற முடிவு மட்டும் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது.

சாயத்தில் தெரியும் உருண்டைகள்

பயாப்ஸி ஊசியால் எடுக்கப்படும் திசு ஒரு தீக்குச்சியைவிட மெல்லியது. முழுக் கல்லீரலின் 50,000-இல் ஒரு பங்கு என்று சொல்வர். அதை ஃபார்மலினில் நிலைநிறுத்தி, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, பி.ஏ.எஸ். என்னும் சாயமிடுவர். இச்சாயம் சர்க்கரைச் சங்கிலிகளைக் கருஞ்சிவப்பாக்கும். கல்லீரல் முழுவதும் கிளைக்கோஜன் நிறைந்திருப்பதால் எல்லாமே சிவந்துவிடும். ஆகவே முதலில் டயஸ்டேஸ் நொதியால் கிளைக்கோஜனைக் கரைத்துவிட்டுச் சாயமிடுவர். அதன்பின்னும் சிவந்து நிற்கும் உருண்டைகள், சர்க்கரை இணைந்த ஆன்டிட்ரிப்சின் தேக்கங்களாக இருக்கலாம். அவை பெரும்பாலும் போர்ட்டல் சிரை நுழையும் பகுதியை அடுத்த செல்களில் காணப்படும்.

இருக்கலாம் என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. சில வாரங்களே ஆன பச்சிளங் குழந்தையின் கல்லீரலில் இவ்வுருண்டைகள் இன்னும் உருவாகாமல் இருக்கக்கூடும். மஞ்சள் காமாலை நீடிப்பதால் பயாப்ஸி எடுக்கப்படும் குழந்தைக்கு உருண்டை இல்லை என்பது நோய் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. மறுபுறம், மாறுபாடு இல்லாத முதியவர்களிடமும் கல்லீரலில் இரத்தம் தேங்கும் நிலைகளில் இதுபோன்ற உருண்டைகள் தோன்றுவதுண்டு. சாயம் ஐயத்தை எழுப்பும்; வகையைச் சொல்லாது.

அடுத்த படி எதிர்ப்பொருள்கள். ஆன்டிட்ரிப்சினுடன் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளைப் பூசினால் உருண்டைகள் அப்புரதத்தால் ஆனவையா என்று தெரியும். ஆனால் நலமுள்ள கல்லீரலும் இப்புரதத்தைச் செய்வதால் பின்னணி முழுவதும் நிறமேறும். 2010-இல் அறிவிக்கப்பட்ட 2சி1 என்னும் எதிர்ப்பொருள் இவ்விடத்தில் பெரிய உதவி. அது தனி மூலக்கூறுகளை விட்டுவிட்டு, சங்கிலியாகக் கோத்துக்கொண்டவற்றையே பற்றும். அப்போதும் அது இசட் என்ற எழுத்தைப் படிப்பதில்லை, சங்கிலியைத்தான் காட்டுகிறது. ஜப்பானில் காணப்படும் சியியாமா வகையும், சார்டீனியாத் தீவில் மிகுதியாக உள்ள எம்-மால்டன் வகையும் இதேபோல் கல்லீரலில் சங்கிலியாகித் தேங்குபவையே.

துண்டுகளின் நிறை

எந்த வகை என்பதைத் திசுவிலிருந்தே படிக்க நிறை நிறமாலைமானி உதவுகிறது. முழுப் புரதத்தை நிறுத்தால் வேறுபாடு தெரியாது என்று மேலே கண்டோம். எனவே புரதத்தைத் துண்டாக்கி ஒவ்வொரு துண்டையும் நிறுக்கின்றனர். வெட்டும் கத்தி ட்ரிப்சின். ஆன்டிட்ரிப்சின் என்று பெயர் பெற்ற புரதத்தை ட்ரிப்சினைக் கொண்டே நறுக்குவது ஒரு வேடிக்கைதான். வெப்பத்தாலும் வேதிப்பொருளாலும் மடிப்பைக் குலைத்த பிறகு அது எதிர்த்து நிற்க முடியாது.

ட்ரிப்சின் லைசின், ஆர்ஜினின் ஆகிய இரண்டிற்குப் பின் மட்டுமே வெட்டும். எம் வகையில் 336 முதல் 343 வரை எட்டு அமினோ அமிலங்கள் ஒரே துண்டாக வெளிவரும். முடிவில் 343-ஆம் இடத்தில் லைசின். இதன் நிறை 887.5 டால்டன். இசட் வகையிலோ 342-ஆம் இடத்திலேயே புதிதாக ஒரு லைசின் வந்துவிட்டது. ட்ரிப்சின் அங்கேயே வெட்டிவிடும். ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு கிடைக்கும், நிறை 758.5 டால்டன். முழுப் புரதத்தில் ஒரு டால்டனுக்கும் குறைவாக இருந்த வேறுபாடு, துண்டில் 129 டால்டனாகப் பெருகிவிட்டது. எஸ் வகைக்கு உரிய துண்டில் வேறுபாடு 30 டால்டன். கருவி அந்தத் துண்டை மேலும் உடைத்து, உடைந்த பகுதிகளின் நிறைகளிலிருந்து அமினோ அமில வரிசையை உறுதிசெய்யும்.

அளவு அறிய வேண்டுமானால், அதே துண்டைக் கனமான கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளால் செயற்கையாகச் செய்து, தெரிந்த அளவில் மாதிரியுடன் கலப்பர். இரண்டும் ஒன்றாகவே நகர்ந்து வந்து நிறையில் மட்டும் பிரிந்து நிற்கும். உயரங்களை ஒப்பிட்டால் அளவு கிடைக்கும். எம்இசட் வகையினரிடம் இது பயன் தரும். இரத்தத்தில் எம் துண்டு மிகுதியாகவும் இசட் துண்டு குறைவாகவும் இருக்கும். தேக்கமுள்ள கல்லீரல் செல்களில் இந்த விகிதம் தலைகீழாகும். மெழுகில் பதித்த சீவலிலிருந்து உருண்டைகள் உள்ள செல்களை மட்டும் லேசர் ஒளியால் வெட்டி எடுத்து ஆராயவும் முடியும். திசுக்களில் படியும் அமிலாய்டு எந்தப் புரதத்தால் ஆனது என்று அறிய மருத்துவமனை ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்தும் முறையும் இதுவே.

எங்கே தவறலாம்

பொதுவாகக் கல்லீரல் புரதங்கள் அனைத்தையும் ஒருசேர ஆராயும்போது வேறு சிக்கல்கள் வரும். கருவி தரும் நிறைகளைக் கணினி ஒரு வரிசைத் தொகுப்புடன் ஒப்பிட்டுத்தான் பெயர் சொல்கிறது. பொதுத் தொகுப்பில் ஒவ்வொரு புரதத்திற்கும் பெரும்பாலும் ஒரு வழக்கமான வரிசையே இருக்கும். அதில் எழுதப்படாத மாறுபாட்டைக் கணினி காணாது. துண்டு கண்முன் இருந்தும் பெயரற்றதாகக் கழிந்துவிடும். இதற்காக அதே நபரின் டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. வரிசையைப் படித்து, அவருக்கென்றே ஒரு தொகுப்பு உருவாக்கித் தேடுகின்றனர்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலம் மாதிரியைத் தயாரிக்கும்போதே தானாக அஸ்பார்டிக் அமிலமாக மாறுவது இயல்பு, நிறை 0.98 டால்டன் கூடும். மரபணுவில் அதே மாற்றம் நேர்ந்திருந்தாலும் நிறை அவ்வளவே கூடும். லியூசினும் ஐசோலியூசினும் ஒரே நிறை கொண்டவை. ஒன்று மற்றொன்றாக மாறினால் சாதாரண நிறை அளவீடு அதைக் காணவே காணாது. ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால் பழைய மெழுகுக் கட்டிகளில் சில துண்டுகள் கிடைப்பதே இல்லை. மேலும், கல்லீரல் இரத்தம் நிறைந்த உறுப்பு. கழுவாத திசுவில் காணும் ஆன்டிட்ரிப்சினில் ஒரு பகுதி செல்லுக்குள் இருந்ததல்ல, இரத்தத்தில் வந்ததே. புதிய மாறுபாடு ஒன்றைக் கண்டதாகச் சொல்லும் எவரும், டி.என்.ஏ. வரிசையிலும் செயற்கைத் துண்டுடன் ஒப்பிட்டும் அதை உறுதிசெய்திருக்கிறாரா என்று கேட்பதே சரியான கேள்வி.

இரத்தப் பரிசோதனைக்கும் ஏமாற்றும் குணம் உண்டு. உடலில் அழற்சி ஏற்பட்டால் கல்லீரல் ஆன்டிட்ரிப்சினைக் கூடுதலாகச் செய்யும். காய்ச்சலில் வந்த எம்இசட் நபரின் அளவு அப்போது இயல்பாகவே தோன்றும். அண்மையில் பிளாஸ்மா ஏற்றப்பட்ட குழந்தையின் இரத்தத்தில் கொடையாளரின் எம் புரதம் கலந்திருக்கும்.

மரபணுச் சோதனை மட்டும் போதாதா என்ற கேள்வி இயல்பானது. பல ஆய்வுக்கூடங்களின் சோதனைத் தொகுதி எஸ், இசட் ஆகிய இரண்டை மட்டுமே தேடும். இவை ஐரோப்பிய மக்களிடம் மிகுதியாகக் காணப்படும் வகைகள். வேறு நாட்டவரின் வேறு வகை அதில் அகப்படாமல், மாறுபாடு இல்லை என்ற முடிவு கைக்கு வரும். முழு வரிசையைப் படித்தால் மாற்றம் தெரியும்; அது தீங்கானதா என்பது தெரியாமல் இருக்கலாம். புரதம் உண்மையில் தேங்குகிறதா என்பதற்கு விடை திசுவில்தான் உள்ளது.

பிட்ஸ்பர்க் வகை என்ற அரிய மாறுபாடு இதற்கு ஒரு தனிச் சான்று. அதில் 358-ஆம் இடத்து மெத்தியோனின் ஆர்ஜினினாக மாறியிருந்தது. பொறியின் இரை மாறியதால், அது எலாஸ்டேஸை விட்டுவிட்டு இரத்தம் உறையச் செய்யும் த்ராம்பினைப் பிடிக்கத் தொடங்கியது. காயம் பட்டால் அழற்சி. அழற்சியால் அந்தப் புரதம் கூடுதல். அதனால் மேலும் இரத்தக் கசிவு. 14 வயதுச் சிறுவன் ஒருவனின் உயிரை அது கொண்டுபோயிற்று. 1983-இல் வெளியான அந்த ஆய்வு, ஓர் அமினோ அமிலம் ஒரு புரதத்தின் தொழிலையே மாற்றிவிடும் என்பதைக் காட்டியது.

கண்டறிந்த பின்

சுவீடனில் 1972 முதல் 1974 வரை 2,00,000 பச்சிளங் குழந்தைகள் பரிசோதிக்கப்பட்டதில் 120 பேர் இசட்இசட் வகையினர் என்று தெரிந்தது. அவர்களுள் 14 பேருக்கே நீடித்த காமாலை வந்தது. எஞ்சியோரில் மிகப் பெரும்பாலோர் நோயின் வெளிப்படையான அறிகுறியின்றி வளர்ந்தனர். மாறுபாடு உள்ளது என்ற முடிவைக் கேட்ட பெற்றோருக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுவே. இரண்டாவது, குழந்தையின் அருகில் யாரும் புகைபிடிக்கக் கூடாது என்பது.

கொடையாளர் பிளாஸ்மாவிலிருந்து தூய்மைப்படுத்திய ஆன்டிட்ரிப்சினைச் சிரைவழி செலுத்தும் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 1987-இல் ஒப்புதல் கிடைத்தது. அது நுரையீரலுக்கே உதவும். கல்லீரலில் தேங்கியதை அது தொடுவதில்லை. தேக்கத்தைக் குறைக்க, இசட் புரதம் உருவாவதையே ஆர்.என்.ஏ. குறுக்கீட்டால் தடுக்கும் ஃபசிர்சிரான் என்ற மருந்து ஆராயப்படுகிறது. 2022-இல் வெளியான ஆய்வில், மருந்துக்கு முன்னும் பின்னும் எடுத்த கல்லீரல் மாதிரிகளில் தேங்கிய இசட் புரதம் வெகுவாகக் குறைந்திருந்தது. அந்தக் குறைவை அளந்து சொன்னது மேலே கண்ட திசு ஆய்வு முறைகளே.

கல்லீரல் முற்றிலும் பழுதானால் மாற்று அறுவையே வழி. எம்எம் வகைக் கொடையாளரின் கல்லீரலைப் பெற்ற இசட்இசட் நோயாளியின் இரத்தத்தில் அதன்பின் எம் புரதமே காணப்படும்; சம மின்புள்ளித் தகட்டில் அவர் எம்எம் வகையினராகவே தோன்றுவார். அவருடைய வெள்ளணுக்களின் டி.என்.ஏ.வைப் படித்தால் இசட்இசட் என்றே வரும், அவருடைய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஓர் இசட் பிரதி போய்ச் சேரும்.